கம்பு பிடிக்கிற கைக்குக் கறி வேணுமா?

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



கார்த்திகை முதல் தேதி வந்துவிட்டால் நம் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் பாதிப் பேர் கழுத்தில் மாலை ஏறிவிடும். 41 நாள் விரதம். குற்றாலம் பேரருவியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். நம் கல்லூரியில் சிலம்பம் பழகுகிற பையன்களும் மாலை போடுகிறார்கள். போட்ட மறுநாளே அவர்கள் சொல்கிற வார்த்தை இதுதான்: "மாலை போட்டாச்சு மக்கா, இனிமே தை மாசந்தான் கம்பு." ஏன்ல என்று கேட்டால், "கறி, மீன் இல்லாம உடம்புல தெம்பு எங்கேருந்து வரும்?" என்கிறார்கள்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்தியைப் பற்றி நான் பேசவில்லை, அது அவரவர் விஷயம். தெம்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா லோடு ஏற்றுகிற வேலை. அம்மா பீடி சுற்றுகிறார்கள். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் கறி என்பது கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும், கையில் காசு இருக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். மாலை போடாத மாதத்திலும் வாரத்தில் ஆறு நாள் நாம் சைவம்தானே? அந்த ஆறு நாளும் கம்பு சுற்றத்தானே செய்தோம்? அப்போது வந்த தெம்பு கார்த்திகையில் மட்டும் எங்கே போகிறது?

ஆனால் ஒன்று. மாலை போட்ட பையன்கள் சோர்ந்து போவது உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் சுவடு வைத்தால் மூச்சு வாங்குகிறது. காரணம் என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைக் கறியும் நடுவில் வந்த முட்டையும் நின்றுபோகின்றன. அந்த இடத்தில் வேறு எதையும் வைப்பதில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, மதியம் இலை நிறையச் சோறு, இரவில் நாலு இட்லி. பேட்டரியில் ஒரு செல்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டால் லைட் எரியுமா? எங்கள் துறைப் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஐ.சி.எம்.ஆர்., ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இரண்டும் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாள் ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ பையன் என்றால் 50 கிராம். கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் அளவு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. அதே பையனுக்குக் குறைந்தது 72 கிராம்.

இது சைவத்தில் கிடைக்குமா? கிடைக்கும். நிலக்கடலை ஒரு பெரிய கைப்பிடி, 50 கிராம். அதில் 12 கிராம் புரதம். கொண்டைக்கடலைச் சுண்டல், வேக வைக்கும் முன் 50 கிராம் என்றால் 10. பாலும் தயிருமாக அரை லிட்டருக்கு 16. சாம்பார், கூட்டில் உண்மையிலேயே 60 கிராம் பருப்பு இருந்தால் 13. உளுந்து 50 கிராமுக்கு 12. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுகிற அரிசி கால் கிலோவில் 18 வரை வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், 80-ஐத் தாண்டுகிறது. இதில் பவுடர் டப்பா எங்கே வந்தது? ஜிம்முக்குப் போகிற ஒரு நண்பன் என்னிடம் ஒரு டப்பாவின் விலையைச் சொன்னான். அந்தக் காசுக்கு எங்க அம்மா எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்த விடையை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

"உண்மையிலேயே பருப்பு இருந்தால்" என்று எழுதினேனே, அதில்தான் விஷயம் இருக்கிறது. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் லைட் வேண்டும். எந்த விடுதி என்று கேட்காதீர்கள், விடுதியில் தங்கிப் படித்த எவரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். நம் சைவச் சாப்பாட்டில் குறை என்றால் அது இதுதான். முக்கால் இலை சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி குழம்பு. அரிசியில் லைசின் என்ற சத்து குறைவு, பருப்பில் அது அதிகம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று தீர்க்கும். இட்லியும் பொங்கலும் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. பருப்பைக் குறைத்துவிட்டால் கணக்கு போச்சு.

நம் ஊர் உளுந்தங்களியை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். பொண்ணு பெரியவளானால் மட்டும் கிண்டுகிறார்கள். தம்பி, அண்ணன் எல்லாம் சட்டியை எட்டிப் பார்த்தால் விரட்டுகிறார்கள்! காலையில் கம்பு சுற்றிவிட்டு வருகிற பையனுக்கு இதைவிட நல்ல பலகாரம் எனக்குத் தெரியவில்லை. பெண்பிள்ளைகளுக்கும் சடங்கோடு அதை நிறுத்திவிடக் கூடாது. இப்போது நம் கல்லூரியிலேயே பெண்கள் சிலம்பம் பழகுகிறார்கள். அதே 2020 அட்டவணைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 29. ரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். கீரை, பயறுகளில் இருக்கிற இரும்புச்சத்து லேசில் உடம்பில் ஒட்டாது. கூடவே எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் கெடும். நாம் என்ன செய்கிறோம்? சாப்பிட்டவுடன் "அண்ணே, ஒரு டீ" என்கிறோம்.

பி-12 என்ற வைட்டமின் மட்டும் செடி கொடியில் கிடையாது. பால், தயிர், மோரில்தான் சைவர்களுக்கு வழி. "மோர் குடிச்சா சளி பிடிக்கும்" என்று சாரல் மாதத்தில் அதையும் நிறுத்துகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி எடை விஷயம். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சிலம்பத்தில் தொடுமுறைப் போட்டிக்கு எடைப்பிரிவு உண்டு. ஜூடோ, டேக்வாண்டோவிலும் உண்டு. போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது பையன்கள் செய்கிற வேலையைப் பாருங்கள். சோற்றை நிறுத்துகிறார்கள், தண்ணீரை நிறுத்துகிறார்கள், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுகிறார்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இப்படி ஒரு போட்டிக்கு மூன்று கிலோ இறக்கினார். தராசில் ஜெயித்தார். களத்தில் இறங்கி இரண்டு நிமிடத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். எதிராளி அவரைத் தொடக்கூட இல்லை.

இறங்கிய அந்த மூன்று கிலோ என்ன? பெரும்பாலும் தண்ணீர். தசையில் சேர்ந்திருக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். அந்த மாவுச்சத்துதான் கம்பு வீசுகிற பலம். கொழுப்பு அப்படியே இருக்கிறது, பலம்தான் போகிறது. அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இப்படி எடை இறக்கும்போதே செத்துப்போனார்கள். நம் வயதுப் பையன்கள்தான். அதற்குப் பிறகே அங்கே விதியை மாற்றினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே நாளில் மூன்று பேரை ஜெயித்தார். அதில் ஜப்பானின் யூய் சுசாகியும் ஒருவர். இரவெல்லாம் தூங்காமல் எடை இறக்கியும், மறுநாள் காலை, ஆகஸ்ட் 7 அன்று, 50 கிலோவுக்கு மேலே 100 கிராம் நின்றது. இறுதிப் போட்டியே இல்லை என்றாகிவிட்டது. டாக்டர்களும் பயிற்சியாளர்களும் கூட இருந்த ஒருவருக்கே அப்படி என்றால், மழைக்கோட்டை நம்பி ஓடுகிற நமக்கு?

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 550 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக்கிலோ போகும். மூன்று கிலோ இறங்க ஆறு வாரம். கார்த்திகை விரதமும் ஏறக்குறைய ஆறு வாரம்தானே! சோற்றில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் பயறும் காய்கறியும் மோரும் வைத்தால், மாலை கழற்றுகிற நாளில் எடையும் இறங்கியிருக்கும், கம்பும் நின்றிருக்காது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று ஒரு பழமொழி. நம் பக்கம் அதைக் காணம் என்போம். காணம் கொழுப்பை உருக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் புரதமும் நாரும் அதிகம், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சோறு குறையும். அவ்வளவுதான் சூட்சுமம்.

சைவம் என்றாலே உடம்பு தானாகக் குறையும் என்று பெருமை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி: அல்வா சைவமா அசைவமா? சீசனில் ஐந்தருவியில் ஒரு மணி நேரம் குளித்துவிட்டு வெளியே வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். அப்போது கையில் கிடைப்பது மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ். எல்லாம் சுத்த சைவம்! 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல். காலை முழுக்க வேர்த்து இறக்கியதை அருவிக்கரையிலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறோம். முட்டை சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், விலையும் கட்டுப்படியாகும். எனக்கு அதோடு சண்டை இல்லை.

இதெல்லாம் ஏதோ பொழுதுபோக்குக்கு என்று நினைக்க வேண்டாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்ப்பதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பிடித்தது. நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு டிப்ளமோவோடு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. பட்டினி கிடந்து மயங்கி விழுந்து அதை நாமே சாத்திக்கொள்ளலாமா?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை. மாலை நாலரை மணிக்கு நம் கேன்டீனில் பஜ்ஜி, பப்ஸ் மட்டும்தான் கிடைக்கின்றன. பயிற்சிக்குப் போகிறவர்கள் அதைத் தின்றுவிட்டுத்தான் கம்பு எடுக்கிறார்கள். கூடவே ஒரு சட்டி சுண்டல் வேண்டும். ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் காணம். பக்கத்தில் ஒரு பானை மோர். கேன்டீன் அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தேன். "தினமும் நாப்பது பேரு வாங்குவாங்கன்னா போடுதேன் தம்பி" என்றார். சிலம்பம், கராத்தே, கபடி மூன்று அணியும் சேர்த்துப் பெயர் எழுதியதில் 33 பேர் தேறியிருக்கிறோம். இன்னும் ஏழு பேர் வேண்டும். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, மின்னியல் ஆய்வகத்துக்கு வந்து பெயர் கொடுங்கள்.