கிண்டியில் ஒன்பது குழிக்கு இடமில்லையா?



கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 1945இல் போட்ட 99 ஆண்டுக் குத்தகைக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம்! எங்கள் காரைக்கால் நெரவியில் பெட்டிக்கடை வைத்திருப்பவர்கூட அதைவிட அதிகம் கொடுப்பார். வாடகையை உயர்த்திக் கணக்கிட்டு, 730 கோடி ரூபாய் பாக்கி என்றது அரசு; அது வழக்காகிவிட்டது. அந்த வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என் ஆட்சேபம் வேறு.

பந்தயப் பாதைக்கு நடுவில்தான் ஜிம்கானா கிளப்பின் 18 குழி கோல்ஃப் மைதானம் இருந்தது. அங்கே இனி பூங்காவும் வெள்ளநீர் தேங்கக் குளங்களும் என்கிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்த எவரும் குளம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் பொதுமக்கள் கோல்ஃப் பழக ஒரு மூலையை ஒதுக்கியதாக எங்கும் படிக்கவில்லை. "பணக்காரன் ஆட்டம்தானே, ஒழியட்டும்" என்று பலர் பேசுவதைத்தான் கேட்கிறேன். ஒழியப்போவது பணக்காரனின் ஆட்டம் இல்லை. அவனுக்கு வேறு கிளப் இருக்கிறது. ஊட்டி இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைக்குத்தான் கதவு இன்னொரு முறை சாத்தப்படுகிறது.

1991இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து வளர்ந்தவர். 1993இலும் அவரே வென்றார். பை தூக்கித்தான் உள்ளே நுழைய முடியும் என்றால் அது என்ன விளையாட்டு? டெல்லி வளர்ச்சி ஆணையம் இதற்கு ஒரு வழி கண்டது. லாடோ சராயில் குதுப் கோல்ஃப் மைதானத்தை உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் கட்டி ஆடும் பொது மைதானமாக அமைத்தது. சென்னைக்கு அது ஏன் தோன்றவில்லை?

முழு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அதை நான் கேட்கவில்லை. ஒன்பது குழி, ஒவ்வொன்றும் ஐம்பது முதல் நூற்றைம்பது மீட்டர், எல்லாம் பார்-3, அதாவது மூன்று அடியில் பந்தைக் குழியில் போட வேண்டியவை. பதினைந்து ஏக்கரில் முடிந்துவிடும். இரண்டு மூன்று மட்டை போதும், அதையும் வாடகைக்குக் கொடுக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடியும். கோல்ஃபின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே பிள்ளைகளும் புதியவர்களும் பழகுவதற்கென்று பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் வைத்திருக்கிறார்கள். புல்லுக்குத் தண்ணீர் எங்கே என்பார்கள். சுத்திகரித்த கழிவுநீர் போதும். பந்தை உருட்டும் இடத்தில் புல்லே இல்லாமல் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி ஆடும் மைதானங்களும் நம் நாட்டில் உண்டு.

'அப்படியானால் நெரவியிலேயே கட்டலாமே' என்று யாராவது கிளம்பினால், வேண்டாம் ஐயா. காவிரிக் கடைமடை இது. ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. நெல் விளையும் நிலத்தில் ஒரு குழிகூட வெட்டக் கூடாது. காரைக்கால் பள்ளிகளில் இருக்கும் கிரிக்கெட் வலைக்கூண்டும் ஒரு பாயும் நாலைந்து பழைய கோல்ஃப் மட்டையும் இருந்தால் அடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். எங்களை ஆளும் புதுச்சேரி அரசு அதையாவது செய்யட்டும்.

கிண்டிப் பூங்காவின் வரைபடம் முடிவாகும் முன் தமிழக அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். பதினைந்து ஏக்கரை விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்து, கட்டணத்தை வாசலில் பலகையில் எழுதிவைக்க வேண்டும். மாணவருக்குப் பாதிக் கட்டணம். உறுப்பினர் அட்டை என்ற பேச்சே அங்கே கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நெரவி, காரைக்கால்.