கூலிக் கணக்கும் தமிழ்ச் சொல்லும்

திருப்பூர்ப் பின்னலாடைக் கூடமொன்றில் ஒன்பதின்மர் நாளொன்றுக்கு 500 உருபாவும், மேற்பார்ப்பவர் ஒருவர் மட்டும் 2,500 உருபாவும் பெறுகின்றனர் என வைத்துக்கொள்வோம். ‘எம் கூடத்தில் சராசரிக் கூலி 700 உருபா’ என முதலாளி பறைசாற்றின் அது பொய்யன்று. ஆயினும் அவ் 700 உருபாவைக் கூலியாய்க் கண்டவர் ஆங்கு ஒருவரும் இலர்! வரிசையின் நடுவே நிற்பவரின் கூலி 500 உருபாவே. இவ் வேறுபாட்டை, தையற்பொறியின் முன் முதுகொடியும் தாயின் மகனுக்கு எந்த வகுப்பறையில் கற்பித்தோம்?

பத்தாம் வகுப்புக் கணக்குநூலில் புள்ளியியல் இல்லாமலில்லை. ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்றொரு தொடர் அதன்கண் உளது. விலக்கம் தமிழ், வர்க்கம் வடசொல், சராசரியோ பாரசீகத்தினின்று வந்தது. மூன்று நாட்டுச் சரக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றினால், பிள்ளை நெட்டுருப் போடாமல் வேறென் செய்வான்? ‘விலக்க இருமடி நிரவல்’ என்று சொல்லிப் பாருங்கள். விலக்கங்களை இருமடியாக்கு, பின்னர் நிரவு எனச் செய்முறை முழுதும் சொல்லிலேயே கிடக்கின்றது. மேடுபள்ளம் நிரவுதலை அறியாத உழவன் நம் நாட்டில் உளனோ? ஈழத்துப் பாடநூல்கள் ‘இடை’, ‘இடையம்’ என வழங்குதலையும் காண்க. (அவர்தம் ‘ஆகாரம்’ நமக்கு வேண்டா, நம் ‘முகடு’ அதனினும் நன்று.)

சொல் மட்டும் போதாது. கற்பிப்பார்க்கே தெளிவு வேண்டும். யான் உடனிருந்த ஆசிரியர் பயிற்சியொன்றில், அயல்நாட்டு மழையளவை ஆங்கிலப் படங்களாகக் காட்டினர். பலர் தலையசைத்தனர், ஒருவர் உறங்கினார். உறங்கியவரை யான் குறைகூறேன்.

புள்ளியியல் பஞ்சாலையோடும் வளர்ந்த கலை. 1927இல் 41,600 இலக்கங்கள் கொண்ட வாய்ப்பெண் பட்டியலை வெளியிட்ட திப்பெட்டு என்னும் ஆங்கிலேயர், மான்செசுட்டரில் பஞ்சாராய்ச்சி நிலையத்துப் பணியாளர். கோவையிலேயே 1956இல் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிக் கழகம் தோன்றிவிட்டது. துணியின் எடையளப்போரும், சில பெட்டிகளை மட்டும் பிரித்துப் பார்த்து முழுச் சரக்கையும் ஏற்பதா தள்ளுவதா என முடிவுசெய்வோரும் நம் பள்ளியின் மதிலுக்கு அப்பாலேயே உளர். மழையளவைத் தேடிக் கடல்கடப்பானேன்?

தமிழாசிரியத் தோழரே! உம் பள்ளிக் கணக்காசிரியரோடு ஒரு பலகையில் அமர்க. வெட்டுத்துணி ஊரெங்கும் குவிந்து கிடக்கின்றது. ஒரே அளவாய் இருபது துண்டுகள் வெட்டி, ஆய்வகத் துலையில் நிறுத்து, நிரவலும் விலக்கமும் காண்பதற்கு எவர் ஆணையும் வேண்டா. அடுத்த கிழமை, பெற்றோர் இசைந்தால், பெயரை மறைத்துக் கூலிச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்க.