ஒரு ராத்திரி தங்க விடுங்களேன்!

"பொட்டப் புள்ளைங்கள ராத்திரியில அடுத்தவங்க வீட்டுல படுக்க வைக்கிறதா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

2022 டிசம்பரில், எங்கள் கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது எனக்குக் கிடைத்த முதல் பதில் இது.

நான் ஒரு சாதாரண இல்லத்தரசி. பி.எஸ்சி., முடித்துவிட்டு அடுப்படியே கதி என்று இருந்தவள். கொரோனாவால் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் படித்ததையே மறந்துபோன நேரத்தில், 2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். வகுப்பு முடிந்ததும் பையன்கள் கோயில் மேடையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். கூத்து, திருவிழா என்றால் எங்கேயாவது படுத்துத் தூங்கி, விடிந்து வீடு வருவார்கள். பெண் பிள்ளைகளுக்கோ குடம் தூக்கணும், பாத்திரம் துலக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும். மனசு விட்டுப் பேச ஒரு மணி நேரம் கிடையாது. அரையாண்டு விடுமுறையில் ஒரே ஒரு ராத்திரி அவர்களை என் வீட்டில் தங்க வைத்தால் என்ன என்று தோன்றியது. மார்கழி மாதம் வேறு. விடிகாலையில் எழுந்து எல்லாருமாகக் கோலம் போடலாமே!

தாய்மார்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவள் கேட்கத்தானே வேண்டும்? "அன்னிக்கு ராத்திரி வீட்டில் ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் மகனும் கொழுந்தனார் வீட்டில் படுத்துக்கொள்வார்கள். நானும் என் மாமியாரும்தான் இருப்போம். நீங்கள் எந்த நேரமும் வந்து பார்க்கலாம்" என்று உறுதி சொன்னேன். ஒரு வீட்டில், "காலனிப் பிள்ளைங்களும் வருதா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நான் வற்புறுத்தவில்லை. கடைசியில் பத்துப் பெண்கள் வந்தார்கள். கூடவே நம்பிக்கை இல்லாமல் ஒரு அம்மாவும் வந்து, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்!

இட்லி, தக்காளிச் சட்னி. அப்புறம் தாயம், பல்லாங்குழி, பாட்டுக்குப் பாட்டு. என் மாமியார் முனீஸ்வரன் கதை சொல்லப் போய், கொல்லைப் பக்கம் போகவே பிள்ளைகள் பயந்தார்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்தோம். காவலுக்கு வந்த அம்மா முதல் ஆளாகக் குறட்டை விட்டார்.

இருட்டில் முகம் தெரியாது பாருங்கள், அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் நிஜமாகப் பேசினார்கள்.

"மிஸ், அந்த மூணு நாளும் நான் ஸ்கூலுக்கே போறதில்ல. நாப்கின் குடுக்கறாங்க, ஆனா மாத்திட்டு எங்க போடறதுன்னு தெரியல" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, துணியை யார் கண்ணிலும் படாமல் மாட்டுக்கொட்டகை மூலையில் ஈரத்தோடு காயப் போடுகிறாளாம். சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காய வைக்கணும், இல்லாவிட்டால் நோய்த்தொற்று வரும் என்று சொன்னேன். இதை இத்தனை நாள் இவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. என் அம்மா எனக்குச் சொன்னாரா? அதுவும் இல்லை.

எல்லாரும் தூங்கின பிறகு, எட்டாவது படிக்கும் பெண் என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "மிஸ், முழுப் பரீட்சை முடிஞ்சதும் என்னை எங்க மாமாவுக்குக் கட்டிக்கொடுக்கப் போறாங்களாம்" என்றாள். அழவில்லை. வீட்டுப்பாடம் ஒப்பிப்பதைப்போலச் சொன்னாள். வயது பதிமூன்று! ஒரு வருடமாகத் தினமும் பார்க்கும் பிள்ளை. பகலில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

காலையில் சாணி தெளித்து, வாசலை அடைத்துக் கோலம் போட்டோம். முதல் நாள் அனுப்ப மறுத்த வீட்டுப் பெண்ணும் கோலப்பொடியோடு ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் ஒன்றும் ராட்சசி இல்லை. "நாங்க ரெண்டு பேரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடறோம். வயசுக்கு வந்த புள்ளைய யாரை நம்பி விட்டுட்டுப் போறது?" என்று அழுதார். பதினெட்டு வயசுக்கு முன்னால் கட்டிக் கொடுத்தால், நடத்தி வைப்பவர்களுக்கு இரண்டு வருடம் வரை ஜெயில், லட்ச ரூபாய் வரை அபராதம் என்பதைச் சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜ் போனால் மாசம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' திட்டம் அந்த செப்டம்பரில்தான் வந்திருந்தது. அதையும் சொன்னேன். பக்கத்து டவுனில் அரசு மாணவியர் விடுதி இருக்கிறதே என்றேன்.

"வெளியில தங்கிப் பழக்கமில்லாத புள்ளையாச்சே..." என்று இழுத்தார்.

"அதான் என் வீட்டுல ஒரு ராத்திரி இருந்துச்சே, ஆத்தா!" என்றார் என் மாமியார்.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க இன்னும் மூன்று மாதம் ஆனது. ஒன்பதாம் வகுப்புக்கு விடுதியில் சேர்ந்தாள். பத்தாவதும் தேறிவிட்டாள்.

தோழிகளே, பெண்ணைப் பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். பூட்டின வீட்டுக்குள் அவளுக்கு நடப்பதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? பெற்ற தாயிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு அத்தை, ஒரு சித்தி, ஒரு டீச்சர் வீடு வேண்டும். தெரியாத இடத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று தீர விசாரியுங்கள். அதற்குக் கோபிக்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பவே வேண்டாம்.

உங்களுக்கு வசதி இருந்தால், வருடத்தில் ஒரு ராத்திரி உங்கள் தெருப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தங்க வையுங்கள். அறிவுரை சொல்லாமல், காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டதை ஊருக்குச் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது.

பத்து இட்லி மாவும் நாலு பாயும்தான் செலவு. செய்வீர்களா?

— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.