ஆக்லாந்து: பொலிஸ் வாகனங்கள் மின்சாரத்தில் ஓட முடியுமா?

நியூஸிலாந்தின் மிகப் பெரிய நகரான ஆக்லாந்தின் மையப் பகுதியில் ஓடும் சிவப்பு நிற சிற்றிலிங்க் பேருந்துகள் 2021 ஆம் ஆண்டு மின்சாரத்துக்கு மாறின. குயீன் வீதி முடியும் இடத்தில் உள்ள துறைமுகத்துக்கு 2022 ஆம் ஆண்டு, பெரிய கப்பல்களை இழுக்கும் வலுக்கொண்ட 'ஸ்பார்க்கி' என்ற மின்சார இழுவைப் படகு வந்து சேர்ந்தது. ஆனால் அதே வீதிகளில் ரோந்து செல்வதற்கென அந்நாட்டுக் காவல்துறை 2020 ஆம் ஆண்டு தேர்ந்தெடுத்தது பெற்றோலில் ஓடும் வாகனத்தையே.

கப்பலை இழுக்க மின்கலத்தால் முடியுமானால், பொலிஸ் வாகனத்தை ஓட்ட ஏன் முடியாது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடை வாகனத்தின் பொறியியலில் மட்டும் இல்லை. காவல் நிலையத்தின் வாகனத் தரிப்பிடம், பணிமுறை அட்டவணை, நாடு முழுவதற்கும் ஒரே காவல்துறை என்ற அமைப்பு ஆகிய மூன்றிலும் அது தங்கியுள்ளது.

ஒரே காலத்தில் இரு முடிவுகள்

பல ஆண்டுகளாக நியூஸிலாந்துப் பொலிஸாரின் அடையாளமாக இருந்தது ஹோல்டன் கொமடோர் வாகனம். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் வாகனங்களின் உற்பத்தி 2017 அக்டோபரில் நின்றது. 2020 பிப்ரவரியில் அந்த வணிகப் பெயரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அறிவித்தது. இதனால் காவல்துறைக்குப் புதிய வாகனம் தேவைப்பட்டது. 2020 நவம்பரில் ஸ்கோடா சூப்பர்ப் தெரிவானது. அடுத்த ஆண்டிலிருந்து அவை சேவைக்கு வந்தன.

இந்தத் தெரிவு அறிவிக்கப்பட்ட சில நாட்களுக்குள், 2020 டிசம்பர் 2 ஆம் தேதி, அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் பருவநிலை அவசரநிலைப் பிரகடனத்தை முன்வைத்தார். பொதுத்துறை முழுவதையும் 2025 ஆம் ஆண்டுக்குள் கரிமச் சமநிலைக்குக் கொண்டுவரும் திட்டமும் அன்று அறிவிக்கப்பட்டது. அரச அமைப்புகள் இனி வாங்கும் வாகனங்கள் மின்வாகனங்களாகவோ மின்சாரமும் பெற்றோலும் கலந்த வாகனங்களாகவோ இருக்க வேண்டும் என்பது அதன் ஓர் அம்சம். ஆனால் பணித் தேவை வேறுவிதமாக இருந்தால் விலக்கு உண்டு என்றும் கூறப்பட்டது. அந்த விலக்கு எந்த அளவுக்கு நியாயமானது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய விடயம்.

நிற்கும் நேரமும் ஓடும் தூரமும்

நியூஸிலாந்தில் பொலிஸார் பொதுவாக இடுப்பில் துப்பாக்கி அணிந்து ரோந்து செல்வதில்லை. ஆயுதங்கள் வாகனத்தினுள் பூட்டிய பெட்டியில் இருக்கும். தொலைத்தொடர்புக் கருவி, கணினி, எச்சரிக்கை விளக்குகள், முதலுதவிப் பொருட்கள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால், ரோந்து வாகனம் என்பது ஓர் அலுவலகம், ஓர் ஆயுதக் களஞ்சியம், கைதானவரை ஏற்றிச் செல்லும் கூடு எல்லாம்தான்.

இந்த அலுவலகம் பெரும்பாலும் ஓடுவதில்லை, நிற்கிறது. வாக்குமூலம் பதியும்போதும், வீதியை மறித்து நிற்கும்போதும், கருவிகளுக்கு மின்சாரம் தேவை என்பதால் பெற்றோல் வாகனத்தின் இயந்திரம் வீணாக இயங்கிக்கொண்டிருக்கும். மின்வாகனத்துக்கு இந்தக் குறை இல்லை. நெரிசலில் நின்று நின்று செல்லும்போது பிரேக் பிடிப்பதால் கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதியையும் அது மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டு மணி நேரப் பணிமுறை ஒன்றில் ஒரு வாகனம் 120 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீற்றருக்கு 20 யூனிட் மின்சாரம் என்றால், ஓட்டத்துக்கு 24 யூனிட் தேவை. நான்கு மணி நேரம் நின்றபடி கருவிகளுக்கும் குளிரூட்டிக்கும் மணிக்கு 2 யூனிட் என்றால், மேலும் 8 யூனிட். மொத்தம் 32 யூனிட். 75 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தில் இது பாதிக்கும் குறைவு.

ஆகவே ஒரு பணிமுறைக்கு மின்கலம் தாராளமாகப் போதும். இரண்டாவது பணிமுறையையும் தாக்குப்பிடிக்கும். சிக்கல் மூன்றாவதில் வருகிறது. ரோந்து வாகனங்கள் பலவும் ஒரு குழுவின் கையிலிருந்து அடுத்த குழுவின் கைக்கு நேரடியாக மாறுபவை. பெற்றோல் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். 7 கிலோவாட் திறனுள்ள சாதாரண மின்னேற்றியில் 32 யூனிட் ஏற்ற ஏறத்தாழ நாலரை மணி நேரமும், 50 கிலோவாட் விரைவு மின்னேற்றியில் ஏறத்தாழ 40 நிமிடமும் ஆகும். அந்த 40 நிமிடத்தைப் பணிமுறை அட்டவணையில் எங்கே ஒதுக்குவது என்பது முகாமைத்துவக் கேள்வி. இருபது வாகனங்களுக்கு ஒரே நேரத்தில் மின்னேற்ற, சாதாரண மின்னேற்றிகளுக்கே 140 கிலோவாட் வேண்டும். அந்த மின்னிணைப்பைக் கட்டடத்துக்குக் கொண்டுவருவது, வாகனத்தின் விலையில் சேராத தனிச் செலவு.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ஃபிரீமொண்ட் நகரக் காவல்துறையின் டெஸ்லா வாகனம் ஒன்று, 2019 செப்டம்பரில் சந்தேக நபரின் வாகனத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது, மின்கலம் தீரப்போவதாக அதன் ஓட்டுநர் வானொலியில் அறிவிக்க நேர்ந்தது. இன்னும் ஆறு மைல் தூரத்துக்கே மின்சாரம் இருந்தது. உலகெங்கும் செய்தியான இச்சம்பவத்துக்கு, முந்தைய பணிமுறைக்குப் பின்னர் வாகனம் முழுமையாக மின்னேற்றப்படாததே காரணம் என்று விளக்கமளிக்கப்பட்டது. அங்கு தவறியது வாகனமல்ல, கைமாற்றும் ஒழுங்கு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறை 2016 இல் நூறு பிஎம்டபிள்யூ ஐ3 மின்வாகனங்களைக் குத்தகைக்கு எடுத்தது. மறு ஆண்டு வெளியான தொலைக்காட்சிப் புலனாய்வு ஒன்று, அவற்றில் சில வாகனங்கள் சில நூறு மைல்கள் மட்டுமே ஓடியிருந்ததைக் காட்டியது. குறுகிய தூரமே ஓடும் வாகனத்தை நம்பி வெளியே செல்லப் பணியாளர்கள் தயங்கினர். பிரிட்டனில், கிராமப்புறம் மிகுந்த குளொஸ்டர்ஷயர் மாவட்டத்திலும் மின்னேற்றும் இடம் தேடிப் பொலிஸார் சிரமப்படுவதாக 2022 இல் முறைப்பாடு எழுந்தது.

மறுபுறத்தில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பொலிஸார் 2019 இல் ஏழு டெஸ்லா வாகனங்களைச் சேவையில் ஈடுபடுத்தினர். கலிஃபோர்னியாவின் தென் பசதீனா நகரம் 2024 ஜூலையில் தன் பொலிஸ் வாகனங்கள் அனைத்தையும் மின்வாகனங்களாக மாற்றியது. மொத்தம் இருபது வாகனங்கள். அந்நகரின் பரப்பளவு ஏறத்தாழ ஒன்பது சதுர கிலோமீற்றர் மட்டுமே. இந்தியாவில் கொல்கத்தா காவல்துறையும் 2021 இல் டாட்டா நெக்ஸான் மின்வாகனங்களை நாடியது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. சிறிய பரப்பு, அடர்ந்த வீதிகள், திரும்பி வர நிலையான ஒரு தரிப்பிடம் ஆகியவை உள்ள இடங்களுக்கு மின்வாகனம் பொருந்துகிறது. தூரம் நீளும் இடங்களிலும், மின்னேற்ற வசதி வாகனத்துக்குப் பின்னால் வரும் இடங்களிலும் அது தடுமாறுகிறது.

மின்சாரம் நின்றுபோனால்?

ஆக்லாந்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 1998 இன் தொடக்கத்தில் நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு பிரதான நிலத்தடிக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைந்தன. பிப்ரவரி 20 ஆம் தேதி நகர மையம் இருளில் மூழ்கியது. நிலைமை சீராக ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. அதன்பின் பென்ரோஸ் பகுதியிலிருந்து நகர மையம் வரை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளத்துக்குக் கேபிள்களுக்கெனச் சுரங்கம் அமைக்கப்பட்டது. ஆயினும் 2014 அக்டோபரில் பென்ரோஸ் துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட தீ, நகரின் பல பகுதிகளில் பல்லாயிரக்கணக்கானோருக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. இத்தகைய நாட்களில்தான் பொலிஸாரின் தேவை மிக அதிகம்.

ஆனால் பெற்றோலுக்கும் இந்நகரில் இதே போன்ற பலவீனம் உண்டு. மார்ஸ்டன் பொயின்ட் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஆக்லாந்துக்கு எரிபொருள் கொண்டுவரும் குழாய் 2017 செப்டம்பரில் உடைந்தது. விமானங்கள் ரத்தாயின, சில எரிபொருள் நிலையங்களில் உயர்ரகப் பெற்றோல் தீர்ந்தது. 2022 இல் அந்தச் சுத்திகரிப்பு நிலையமும் மூடப்பட்டு, இறக்குமதி முனையமாக மாறியது. நாட்டில் விற்பனையாகும் பெற்றோல் இன்று கடல் கடந்தே வருகிறது. மின்சாரமோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர், புவிவெப்பம், காற்று போன்ற உள்நாட்டு மூலங்களிலிருந்து கிடைக்கிறது.

ஒரே எரிபொருளை நம்பியிருப்பதன் ஆபத்தை இலங்கை மக்கள் 2022 இல் நேரில் கண்டார்கள். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை வந்தது. மின்சாரம் மட்டுமே நம்பத்தகாதது, பெற்றோல் எப்போதும் கைகொடுக்கும் என்ற வாதம் அங்கு பொய்த்துப்போனது. அவசர சேவை ஒன்று இரண்டு வழிகளிலும் இயங்கக் கூடியதாக இருப்பதே பாதுகாப்பு என்பது அதிலிருந்து பெறக் கூடிய பாடம்.

துரத்தலும் செலவும்

மின்வாகனம் வேண்டாம் என்போர் முதலில் சுட்டுவது அதிவேகத் துரத்தலை. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு பன்மடங்காகி, மின்கலம் விரைவில் வற்றும் என்பது உண்மையே. ஆனால் தப்பியோடும் வாகனங்களைத் துரத்துவதற்கான விதிகளை நியூஸிலாந்துக் காவல்துறை 2020 டிசம்பரில் கடுமையாக்கியது. 2023 இல் அவை தளர்த்தப்பட்டாலும், ஆக்லாந்தில் இத்தகைய வேளைகளில் 'ஈகிள்' ஹெலிகொப்டர் பெரும் பங்கு வகிக்கிறது. நகர மையத்தின் நெருக்கமான வீதிகளில் நீண்ட துரத்தலுக்கு இடமும் இல்லை.

செலவுக் கணக்கு முன்னைப் போல எளிதானதல்ல. மின்வாகனம் வாங்குவோருக்கு அரசு அளித்துவந்த கழிவு 2023 டிசம்பர் இறுதியுடன் முடிவுக்கு வந்தது. 2024 ஏப்ரல் முதல் சிறிய மின்வாகனங்கள் ஆயிரம் கிலோமீற்றருக்கு 76 நியூஸிலாந்து டொலர் வீதிப் பாவனைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி பொதுவாக நடைமுறைக்கு வந்தது. இம்மாற்றங்கள் தனியாரின் தெரிவையே முதன்மையாகப் பாதித்தன. ஆயினும், பருவநிலையை முன்னிறுத்திய அரசியல் ஆதரவு நிரந்தரமானதல்ல என்பதை அவை காட்டின.

யாருக்கு எந்த வாகனம்?

இந்தியாவில் மாநிலத்துக்கு ஒரு காவல்துறை, அமெரிக்காவில் நகரத்துக்கு ஒரு காவல்துறை. நியூஸிலாந்தில் நாடு முழுவதற்கும் ஒரே காவல்துறை, அதனுள் 12 மாவட்டங்கள். ஒரு மாதிரி வாகனத்தை மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது, பழுதுபார்ப்பதும் பயிற்சியளிப்பதும் எளிதாகின்றன. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே வாகனம் என்றால், மிகக் கடினமான இடத்தின் தேவையே எல்லா இடங்களுக்கும் அளவுகோலாகிவிடும். அடுத்த நிலையம் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் தென்தீவு கிராமம் ஒன்றில் எது ஓடுமோ, அதுவே குயீன் வீதியிலும் ஓடும்.

இரண்டின் பணியும் ஒன்றல்ல. கரங்காஹாபே வீதியிலிருந்து துறைமுகக் கரை வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். இப்பகுதியில் பெருமளவு காவல் பணி கால்நடையாகவே நடக்கிறது. தென் பசதீனாவைப் போல, மின்வாகனம் வெற்றிபெறத் தேவையான எல்லா நிலைமைகளும் இங்கு உண்டு. விசாரணைப் பிரிவினர், சமூக இணைப்பு அதிகாரிகள், நீதிமன்றப் பணியாளர்கள் ஆகியோரின் வாகனங்கள் இரவில் நிறுத்தப்பட்டு மின்னேற்றப்படலாம். நாள் முழுதும் கைமாறும் அவசர ரோந்து வாகனங்களுக்கு விரைவு மின்னேற்றிகளும், மின்வெட்டுக் காலத்துக்கான மின்பிறப்பாக்கியும் நிலையத்தில் முதலில் அமைய வேண்டும். நெடுஞ்சாலை ரோந்து கடைசியாக மாறலாம்.

ஆக்லாந்தில் நால்வர் உயிரிழக்கக் காரணமான 2023 ஜனவரி 27 ஆம் தேதி வெள்ளத்தைப் போன்ற ஓர் இரவில், எல்லா வாகனங்களும் இடைவிடாது ஓட வேண்டியிருக்கும். அன்று 111 என்ற அவசர எண்ணை அழைக்கும் ஒருவருக்கு, வரும் வாகனம் எதில் ஓடுகிறது என்பது முக்கியமல்ல, அது வருகிறதா என்பதே முக்கியம். மின்னேற்றியும் மாற்று ஏற்பாடும் முந்தி, வாகனம் பிந்தி என்ற வரிசையில் செய்தால் மின்வாகனமும் வரும். வரிசை மாறினால், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததைப் போல, வாகனம் தரிப்பிடத்திலேயே நின்றுவிடும்.