புதரை அழித்துவிட்டுப் புல் வாங்குகிறோம்

நான் தாவரவியல் கற்பித்த கல்லூரி கடற்கரையை ஒட்டியது. விடுதிக்குப் பின்னால் நாலு ஏக்கரில் முட்காடு இருந்தது. காரை, சூரை, விழுதி, காயா, நடுவே இரண்டு வீரமரங்கள். முதலாண்டு மாணவர்களை அங்கேதான் அழைத்துப்போவேன். விழுதியில் புழுவாக இருந்து பறந்துபோகும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் அதன்பின் எளிதாகிவிடும்.

ஒரு கோடை விடுமுறை முடிந்து திரும்பினேன். தரை மொட்டையாகக் கிடந்தது. கோப்பில் 'புதர் அகற்றும் பணி' என்று எழுதியிருந்தார்கள். பிறகு கொரியன் புல் வந்தது. கரீபியன் தீவுகளின் ராயல் பாம் வரிசையாக நின்றது. சித்திரை வெயிலில் புல்லைக் காப்பாற்றத் தண்ணீர் லாரி வந்தது.

போனது வெறும் புதரல்ல. சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு மாதக்கணக்கான வறட்சியைத் தாங்கப் பழகிய செடிகள். புதிதாக நட்டாலும், வேர் பிடிக்கும்வரை இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டால் போதும்.

வளாகத்துக்குள் இப்படியொரு காட்டைக் காப்பது நடக்காத காரியமும் அல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரம் வளர்க்க முன்னின்றார்கள். அந்த வளாகத்தில் இன்றும் புதர்க்காடு உயிரோடு இருக்கிறது.

நம் வளாகங்களின் தோட்டத்தை இன்று தீர்மானிப்பது டெண்டர். இத்தனை அடி உயரம், இத்தனை கன்று, திறப்பு விழாவுக்குள் நட்டாக வேண்டும். மெதுவாக வளரும் வீரமரமும் உலக்கைப்பாலையும் அந்தப் பட்டியலில் எப்படி இடம்பெறும்? நர்சரிகளில் அவை கிடைப்பதே அரிது.

ஆகவே செடிப் பட்டியலைத் தாவரவியல் துறை எழுதட்டும். ஜேசிபி நுழையுமுன் அந்த நிலத்தில் என்னென்ன நிற்கிறது என்று மாணவர்கள் கணக்கெடுக்கட்டும். ஒவ்வொரு வளாகத்துக்கும் சொந்த நாற்றங்கால் வேண்டும். வேப்பங்கொட்டையும் நாவற்கொட்டையும் பழம் உதிர்ந்த சில வாரங்களுக்குள் ஊன்றினால்தான் முளைக்கும். கல்லூரி திறக்கும் ஆனி, ஆடியில்தான் அந்தப் பழங்கள் உதிர்கின்றன. புதிதாக வந்த மாணவர் ஊன்றும் விதையில் முளைத்த கன்றை மறு ஆண்டு மழைக்கு அவர் கையாலேயே நடலாம்.

பாம்பு வரும் என்பார்கள். அச்சம் நியாயமானதே. விடுதியையும் நடைபாதையையும் ஒட்டிப் போதிய அகலத்துக்குச் செடியின்றி வைத்திருங்கள். எச்சில் சோற்றைக் கொட்டி எலியை வளர்க்காதீர்கள். அதற்கு அப்பால் இருக்கும் காட்டை விட்டுவிடுங்கள்.

என் இரண்டு வீரமரங்களை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. உங்கள் வளாகத்தின் மூலையில் நிற்பதை அடுத்த கோடை விடுமுறைக்கு முன் போய்ப் பாருங்கள். பெயர் எழுதிக் கோப்பில் சேருங்கள்.