ஒரு நல்ல வருசத்தை நம்பி: மரிச்சுக்கட்டியும் லிவர்பூலும்

சில வாரங்களுக்கு முன்னர் அரிப்பில் ஒரு வீட்டு வாசலில் வைத்து ஒரு தாய் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். வாட்சப்பில் வந்த விளம்பரம். ஆறு மாதத்தில் கொம்பியூட்டர் கேம் செய்யப் பழக்குவார்களாம். படிப்பு முடிந்ததும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை, டொலரில் சம்பளம். கட்டணம் 275,000 ரூபா. மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறான். கணவர் கடற்றொழிலுக்குப் போகிறவர்.

"சேர், இத ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. சங்கிலிய ஈடு வச்சா முதல் காசு கட்டிரலாம். வெள்ளிக்கிழமதான் கடைசி நாளாம்."

நான் சில காலம் கணினி படிப்பித்தவன் என்பதால் முசலிப் பக்கத்தில் இப்படியான கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம். இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு நாளும் என் தலைக்குள் ஓடியவை இரண்டு பழைய கம்பனிகளின் கதைகள். ஒன்று நமது கரையிலேயே நடந்தது. மற்றது இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்பூலில் நடந்தது.

லிவர்பூல் கதையை முதலில் சொல்கிறேன். 1980களின் தொடக்கத்தில் அந்த நகரம் நொந்துபோயிருந்தது. துறைமுகத்தில் வேலை குறைந்து, தொழிற்சாலைகள் மூடப்பட்டு, இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். 1981 யூலையில் டொக்ஸ்டெத் பகுதியில் பெரும் கலவரம் வெடித்தது. அடுத்த வருடம் சின்கிளயர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற சிறிய வீட்டுக் கணினியை விற்பனைக்கு விட்டது. 48 கிலோபைட் நினைவகம் கொண்டது 175 பவுண். இன்று வாட்சப்பில் வரும் ஒரு சாதாரணப் படமே 48 கிலோபைட்டைவிடப் பெரிது. கேமை ஒலிநாடாக் கசெற்றில் வாங்கி, ரேப் ரெக்கோடரில் போட்டு, அது கீச்சிட்டு முடியும் வரை சில நிமிடங்கள் காத்திருந்து விளையாட வேண்டும்.

அதே 1982இல் மார்க் பட்லர், டேவிட் லோசன் என்ற இரண்டு இளைஞர்கள், தாங்கள் வேலை பார்த்த பக்-பைட் என்ற கேம் கம்பனியிலிருந்து விலகி இமாஜின் சொஃப்ட்வெயர் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் கேம் 'ஆர்கேடியா'. லோசன் எழுதியது. அந்த நத்தாருக்கு அது நன்றாக விற்றது. ஒரு கசெற் 5.50 பவுண். செய்யும் செலவோ மிகக் குறைவு. காசு கொட்டியது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த மாதிரிதான் நடந்தது. பெரிய அலுவலகம், விலையுயர்ந்த கார்கள், வண்ண வண்ண விளம்பரங்கள். யூஜின் எவன்ஸ் என்ற பதின்ம வயதுப் பையன் வருடம் 35,000 பவுண் உழைக்கிறான், ஓட்டுவதற்கு வயது போதாத காரையும் வைத்திருக்கிறான் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தத் தொகை எவ்வளவு உண்மை என்பது வேறு விடயம். ஆனால் வேலையில்லாத நகரத்துப் பெற்றோர் அந்தச் செய்தியை எப்படி வாசித்திருப்பார்கள் என்பதை அரிப்பில் நின்றுகொண்டு என்னால் ஊகிக்க முடிகிறது.

1983 நத்தாருக்கு முன்னர் இமாஜின் ஒரு தந்திரம் செய்தது. கசெற்றுகளைப் பிரதி செய்து கொடுக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்றின் நேரத்தை மொத்தமாகத் தனக்கென்று பதிந்துகொண்டது. போட்டிக் கம்பனிகளின் கேம்கள் கடைக்கு வராமல் போகும், சந்தை முழுதும் தன் கையில் என்பது கணக்கு. அந்த வருடம் விற்பனை எதிர்பார்த்தபடி அமையவில்லை. விற்காத கசெற்றுகள் மலையாகக் கிடந்தன. விலையைக் குறைத்துத் தள்ள வேண்டியதாயிற்று. இதற்குள் பிள்ளைகள் வீட்டிலேயே கசெற்றுக்குக் கசெற் அடித்துக்கொள்ளவும் பழகியிருந்தார்கள். ரெக்கோடிங் பார்களில் பாட்டு அடித்து வாங்கிய நமது தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த நிலையில் நிதானமான ஒருவர் செலவைக் குறைப்பார். இமாஜினோ 'மெகாகேம்' என்று இரண்டு பெயர்களை அறிவித்தது: 'சைக்கிளாப்ஸ்', 'பாண்டர்ஸ்நாட்ச்'. கணினியோடு பொருத்தும் ஒரு தனிக் கருவியோடு, 40 பவுண் அளவில் விற்கும் திட்டம். வழக்கமான விலையின் ஏழு மடங்கு. பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. அதில் கேமைச் செய்பவர்களின் படம் இருந்தது, கேம் இருக்கவில்லை. இருந்தால்தானே போடுவதற்கு.

பி.பி.சி. தொலைக்காட்சிக் குழுவொன்று இந்த வெற்றிக் கதையைப் படம்பிடிக்க உள்ளே வந்திருந்தது. அவர்கள் படம்பிடித்துக்கொண்டிருக்கும்போதே கடன் வசூலிக்கும் நீதிமன்ற ஆட்கள் வந்து பொருட்களைக் கட்டிவைத்தார்கள். 1984 யூலை 9ஆம் திகதி லண்டன் உயர் நீதிமன்றம் கம்பனியைக் கலைக்க உத்தரவிட்டது. உடனடிக் காரணமான கடன் வெறும் 10,000 பவுண், அதுவும் பத்திரிகை விளம்பரத்துக்குக் கட்ட வேண்டியிருந்த காசு. அந்த ஆவணப்படம் 1984 டிசம்பரில் ஒளிபரப்பானது. அதே டிசம்பரில்தான், 4ஆம் திகதி, மன்னாரில் நூற்றுக்கும் அதிகமான பொதுமக்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். அந்த வருடங்களில் அங்கே ஒரு பையன் படுக்கையறையில் இருந்து கணினிமொழி பழகியபோது, இங்கே அவன் வயதுப் பையன் எதைப் பழகினான், எங்கே ஒளிந்தான் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையை நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது. நமது பிள்ளைகள் பின்தங்கியது சோம்பலால் அல்ல.

இனி நமது கரைக்கு வருகிறேன்.

சலாபத்துறை என்பதே மருவிச் சிலாவத்துறை ஆயிற்று என்பார்கள். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய டொரிக் மாளிகை அதை மேற்பார்வை செய்ய வந்து தங்குவதற்காகத்தான். இன்று கடலரிப்பில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் அங்கே நின்று செல்பி எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

முத்துச் சலாபம் வருடா வருடம் வரும் விளைச்சல் அல்ல. சிப்பி முதிர நாலைந்து வருடம் வேண்டும். பாரில் இந்த வருடம் குவிந்து கிடக்கும் குஞ்சுச் சிப்பிகள் அடுத்த வருடம் நீரோட்டத்தில் அள்ளுண்டு போகலாம், மணலில் மூடுண்டு போகலாம், மீன்கள் தின்றுவிடலாம். 1891க்குப் பின்னர் பத்து வருடத்துக்கு மேல் சலாபமே இல்லை. 1902இல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து ஆராய்ந்தார்கள். 1903இலும் 1904இலும் சலாபம் கூடியது. 1905இல் வந்ததோ எவரும் நினையாதது: 8 கோடிக்கும் மேலான சிப்பிகள், அரசுக்கு 25 இலட்சம் ரூபா அளவில் வருமானம். மரிச்சுக்கட்டிக் காட்டோரத்தில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பியது. பொலிஸ், வைத்தியசாலை, நீதிமன்றம், கடைத்தெரு எல்லாம். கீழக்கரை, தொண்டி, யாழ்ப்பாணம், மன்னார், அரபுநாடு என்று சுழியோடிகள் வந்தார்கள். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு சுழியோடிக்கும் வள்ளத்துக்கும்.

அந்தக் கணக்கைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பனி உருவானது. இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்று பெயர். பெயரில் மட்டும்தான் முத்துக்குளிப்போர். 1906இலிருந்து 20 வருடக் குத்தகை. சிப்பி வந்தாலும் வராவிட்டாலும் வருடம் 310,000 ரூபா கட்ட வேண்டும். 1906 சலாபத்துக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து வந்து கடமையாற்றிய இளம் வெள்ளைக்கார உத்தியோகத்தர்களில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் பேரெடுத்த லெனார்ட் வுல்ஃப். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. குத்தகையின் பாதிக் காலம்கூடத் தாக்குப்பிடிக்காமல் 1912 அளவில் கம்பனி கலைந்தது.

இதில் எனக்கு எப்போதும் வியப்புத் தருவது கம்பனியின் பேராசை அல்ல, காலனித்துவ அரசின் சாமர்த்தியம். நட்டம் வரக்கூடிய ஒன்றை, மிக நல்ல வருசத்தின் கணக்கைக் காட்டி, உச்ச விலைக்கு இன்னொருவர் தலையில் கட்டியது. வாங்கியவன் 1905ஐச் சாதாரண வருசம் என்று எடுத்துக்கொண்டான். இமாஜினும் 1982 நத்தாரை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எனக்கு வந்த விளம்பரத்திலும் ஒரேயொரு பையனின் படம்தான் இருந்தது, கழுத்தில் ஹெட்போனோடு, டொலர் உழைக்கிறவன் என்று. அவன்தான் அவர்களுடைய 1905.

இரண்டு கதைகளும் விழுந்த விதம் ஒன்று. விழுந்த பின்னர் மிஞ்சியது வேறு. இங்கேதான் அந்தத் தாயின் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இமாஜின் மூடப்பட்ட அதே 1984இல் அங்கே வேலை செய்தவர்கள் சிலர் டென்டன் டிசைன்ஸ் என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். இமாஜினின் நிதிப் பொறுப்பில் இருந்த இயன் ஹெதரிங்டன் முதலானோர் சைக்னோசிஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். அதை 1993இல் ஜப்பானின் சோனி வாங்கியது. 1995இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'வைப்அவுட்' அவர்கள் செய்ததுதான். லிவர்பூலில் சோனி அந்தக் கூடத்தை மூடியது 2012இல். அதாவது பத்தாயிரம் பவுண் கட்ட முடியாமல் மூடப்பட்ட ஒரு கம்பனியின் ஆட்களால் அந்த நகரத்தில் இன்னும் 28 வருடம் தொழில் நடந்தது. காரணம் எளிது. அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பனி தொழில் பழக்கவில்லை. அவர்கள் வீட்டில், சொந்தமான ஒரு சின்ன மெசினில், சஞ்சிகைகளில் அச்சிட்ட நிரல்களைத் தட்டிப் பார்த்துத் தாங்களே பழகியவர்கள். கம்பனி போனது. மெசினும் தலையில் ஏறியதும் அவர்களிடமே இருந்தன.

மரிச்சுக்கட்டியில்? பார் அரசுக்குச் சொந்தம். குத்தகை லண்டனுக்கு. சுழியோடுகிறவன் சீசன் முடிய வள்ளமேறிப் போய்விட்டான். முத்து உலகம் சுற்றியது. முசலியில் மிஞ்சியது சிப்பி ஓட்டுக் குவியல்.

முசலிக்குத் திட்டத்தோடு வருகிறவர்களை நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். நாம் 1990இல் முஸ்லிம் மக்கள் புலிகளால் விரட்டப்பட்டதையும், 2007இல் முள்ளிக்குளம் மக்கள் எழுப்பப்பட்டதையும், அந்தக் காணியில் கடற்படை குந்தியிருப்பதையும் பார்த்தவர்கள். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்திலிருந்து ஒரு கடிதத்தோடு விலகியதையும் பார்த்தோம். வருகிறவர்கள் போவார்கள். இப்போது 'டிஜிட்டல் பொருளாதாரம்' என்ற பேச்சோடு தகவல் தொழில்நுட்ப நிலையங்களும் பயிற்சிகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. புலம்பெயர்ந்த உறவுகளும் நல்ல மனதோடு கட்டடம் கட்டிக்கொடுக்கிறார்கள், பெயர்ப்பலகையும் வைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரு கட்டடத்தின் காசில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு மடிக்கணினி கொடுக்கலாம் என்று கணக்குப் பார்க்கச் சொல்வேன். மாலையில் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பெண்பிள்ளைக்கு நிலையத்தில் உள்ள கணினியால் என்ன பயன்?

இத்தொழில் பொய் என்று நான் சொல்லவில்லை. ரொறன்ரோவில் ஒரு சிறிய தமிழ்க் குழு செய்த 'வெண்பா' என்ற கேம் 2023இல் வெளியானது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறைதான் களம். அடுத்த வருடம் அதற்குப் பிரித்தானியாவின் பாஃப்டா விருது கிடைத்தது. கேம் செய்யும் கொடோ என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். படம் செய்யும் பிளெண்டரும் இலவசம். செய்த கேமை ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு ஏற்ற 100 டொலர் கட்ட வேண்டும், விற்பதில் பொதுவாக 30 வீதம் அவர்கள் எடுப்பார்கள். ஏறுகின்ற பெரும்பாலான கேம்கள் விற்பதில்லை. 275,000 ரூபாவுக்கு முன்னர் ஒரு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிய வேண்டியவை இவை.

விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். வேலை தரும் கம்பனி எது, எழுத்தில் தருவீர்களா, நீங்கள் இதுவரை வெளியிட்ட ஒரு கேமின் பெயர் என்ன. மறுமுனையில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "அதெல்லாம் பணம் கட்டினதுக்குப் பிறகு அறிமுக வகுப்பில சொல்லுவாங்க சேர்" என்றார். அவரும் சம்பளத்துக்கு நிற்கிற ஒருவர்தான்.

சங்கிலியை ஈடு வைக்க வேண்டாம் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார். மகன் ஏற்றுக்கொள்ளவில்லை. என்னோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பழைய மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கொடோவைப் போட்டு. பத்து நாள் கழித்துப் போனபோது திரையில் ஒரு வள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. கரை வந்தும் நிற்காமல் வீடுகளுக்குள்ளால் ஏறிப்போனது. எங்கே பிழை என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் உடனே பிடிபடவில்லை. இருவரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து தேடினோம்.

புறப்படும்போது அவன் தாய் தொலைபேசியைக் காட்டினார். அதே விளம்பரம் மறுபடி வந்திருந்தது. கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மாறியிருந்தது.