மாஸ்டர், வீட்ல ஒரு தடவை பார்த்துட்டு வாங்களேன்!

பொட்டி தட்டுற வேலை. ரிலீஸ் நேரத்துல மேனேஜர் கண்ணுல படாம நழுவி, டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னு, கொயர் பிராக்டிசுக்குப் போய்ச் சேர்றேன். அங்க மாஸ்டர் அப்பத்தான் கவர்ல இருந்து ஸ்கோரை எடுக்கிறார். "எங்க, பேஸ் லைன் எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்"னு கீபோர்டைத் தடவுறார். முப்பது பேர் தேமேன்னு நிக்கிறோம். ரெண்டு மணி நேரத்துல முக்கால் மணி நேரம் அவர் படிக்கிறதை நாங்க வேடிக்கை பாக்குறோம். (எந்தச் சபைன்னு கேக்காதீங்க, ஆட்டோ வரும்.)

ரிக்வயர்மென்ட்டைப் படிக்காம மீட்டிங்குக்கு வர்றவனை என்ன திட்டு திட்டுறோம்? இவரை மட்டும் ஏன் விடணும்?

ஹேண்டல் மெசையாவை 1741-ல 24 நாள்ல எழுதி முடிச்சார். அதைப் படிக்க உங்களுக்கு ஒரு ராத்திரி கிடைக்கலையா?

அதுல 'ஃபார் அன்ட்டு அஸ்' கோரசை எடுத்துக்குங்க. 'ஃபார்' பேச்சில் அழுத்தமே இல்லாத சொல். பாட்டுல போய் அழுந்தி விழும். நாங்களும் இடி மாதிரி இறக்கினோம். மாஸ்டர் "இன்னும் சவுண்டு!"ன்னார். விஷயம் என்னன்னா, அந்த மெட்டு ஹேண்டல் அதே வருஷம் ஜூலையில இத்தாலிய மொழியில எழுதின ஒரு டூயட்டோடது. அங்க முதல் சொல் 'நோ'. மாட்டேன்னு அடிச்சுச் சொல்ற சொல். மெட்டைத் தூக்கி இங்க வச்சப்ப அழுத்தமும் கூடவே வந்துடுச்சு. இது தெரிஞ்சவர் 'ஃபார்'ஐ லேசா விடச் சொல்லிட்டு, எடையை 'சைல்டு' மேல கொண்டு போவார்.

அதே கோரசுல 'பார்ன்'ங்கிற ஒரே சொல்லை சொப்ரானோ மூணு பாருக்கு மேல இழுக்கணும், அதுவும் பொடிப்பொடி சுரங்களா. வீட்ல ஒரு தடவை வாயால பாடிப் பார்த்திருந்தா மூச்சு எங்க முட்டும்னு தெரிஞ்சிருக்கும். யார் எங்க மூச்செடுக்கணும்னு பென்சில்ல குறிச்சிருக்கலாம். இல்லைன்னா எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு விட்டு, பாட்டுல ஓட்டை விழும்.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. நாலு குரலையும் தனித்தனியா பாடிப் பாருங்க. சும்மா நின்னுட்டு திடீர்னு நுழையுற டெனருக்கு முதல் சுரம் எங்கிருந்து கிடைக்கும்னு தேடி வைங்க. பல நேரம் ரெண்டு சுரம் முன்னாடி ஆல்ட்டோ அதையே பாடியிருக்கும். அதைச் சொன்னாலே போதும், அவன் பிழைச்சுக்குவான். "யூடியூப்ல பத்து தடவை கேட்டேன்"ங்கிறது படிப்பு இல்ல. அது வேற ஒரு கண்டக்டர் எடுத்த முடிவு.

"நாம என்ன லண்டன் கொயரா? ஊழியத்துக்குத்தானே பாடுறோம்"னு ஒரு பதில் எப்பவும் ரெடியா வரும். ஐயா, லண்டன்காரன் தாளைப் பார்த்ததும் பாடிடுவான். கண்டக்டர் சொதப்பினாலும் கரை சேர்ந்துடுவான். எங்க பேஸ்ல பாதிப் பேருக்கு நோட்டேஷன் தெரியாது. எங்களுக்கு இருக்கிறது உங்க கை ஒண்ணுதான்.

போன கிறிஸ்மஸ்ல அல்லேலூயா கோரஸ். கடைசி அல்லேலூயாவுக்கு முன்னாடி எல்லாரும் சட்டுன்னு நின்னு ஒரு மௌனம் வரும் இல்லையா? கையை நிறுத்திக் காட்ட வேண்டிய மாஸ்டர் தலை ஸ்கோருக்குள்ள இருந்தது. என் பக்கத்துல நின்ன அங்கிள் தனியா அந்த மௌனத்துக்குள்ள பாய்ஞ்சுட்டார். சபையே சிரிச்சது. மாஸ்டர் அவரைத் திரும்பி ஒரு முறை முறைச்சார் பாருங்க...

நாப்பது வருஷமா பாடுற மனுஷன். இந்த வருஷம் வரல. போன் பண்ணினா "தொண்டை சரியில்லப்பா"ங்கிறார். நோட்டேஷன் தெரியாத காலத்துல நான் முதல் சுரத்தை அவர்கிட்ட இருந்துதான் எடுப்பேன்.

பி.கு: வர்ற சனிக்கிழமை புது ஸ்கோர் ஆரம்பமாம். மாஸ்டர் கைக்கு அது போய் மூணு வாரம் ஆச்சு. கவர் இன்னும் ஒட்டினபடியே இருக்குன்னு நம்பத் தகுந்த வட்டாரத் தகவல்.